ஃப்ரீடா காலோவின் சக்கர நாற்காலி

‘சக்கர நாற்காலியில் முடங்கினார்’ என்று நம்ம செய்தித்தாள்கள் சாதாரணமாக எழுதும். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1951-ல் டாக்டர் ஃபாரிலின் படத்தோடு வரைந்த தன்னுருவ ஓவியத்தைப் பார்த்தபிறகு அந்த வினைச்சொல் எனக்கு இடிக்கிறது.

1925-ல் நடந்த பேருந்து விபத்தில் அவருக்கு முதுகெலும்பு உடைந்தது. வலி கடைசிவரை விடவில்லை. 1944-ல் வரைந்த ‘உடைந்த தூண்’ ஓவியத்தில் உடம்பெல்லாம் ஆணி, முகத்தில் கண்ணீர். ஆனாலும் நிற்கிறார். 1950-ல் முதுகில் ஏழு அறுவை சிகிச்சைகள். செய்தவர் ஃபாரில்.

அடுத்த வருஷத்து ஓவியத்தில் சக்கர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கண்ணீர் இல்லை. வண்ணத்தட்டுக்குப் பதில் கையில் இதயம், தூரிகைகளில் சிவப்பு சொட்டுகிறது. வலி போகவில்லை, வேலைக்குள் போயிருக்கிறது. நாற்காலியை மட்டும் வெறும் நாற்காலியாகவே வரைந்திருக்கிறார்.

டாக்டருக்கு நன்றியாகத் தந்த படம், அதனால் கொஞ்சம் அமைதி கூடிவிட்டது என்பது என் குறை. ஆனா நாற்காலி விஷயத்தில் அவர் பார்வை சரி. ‘கொஞ்சம் நடக்க முடியுதே, அதுக்குள்ள எதுக்கு?’ என்று தள்ளிப்போடுபவர்கள் நிறைய. நிற்பதற்கே தெம்பெல்லாம் போய்விட்டால் வரைய என்ன மிஞ்சும்? ஓவியத்தில் பதில் பக்கத்திலேயே இருக்கிறது: டாக்டரின் படம், வரைந்து முடித்து, ஓவியத் தாங்கியில்.