வாள் கைநழுவும் இடம்: மாயசக்திக் கதைகளை எப்படி ரசிப்பது?

கிண்ணியாப் பாலத்தைக் கடந்து திருகோணமலைக்குப் போய், பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து மேலே ஏறினால் கோணேசர் கோயில் வரும். கோயிலை ஒட்டிக் கடல் பக்கம் நடந்தால், மலை பிளந்து கிடக்கும் ஓர் இடம் இருக்கிறது. இராவணன் வெட்டு. எட்டிப் பார்த்தால் அடியில் அலை பாறைக்குள் புகுந்து நுரைத்துத் திரும்புவது தெரியும். வருகிறவர்கள் பலர் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கதை தெரிந்தவர்களும் “மலையையே வெட்டின பலசாலி” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இந்தக் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, அவன் வெட்டினான் என்றே சொல்லவில்லை. தாய் வழிபடுவதற்காக இந்த மலையையே பெயர்த்துக்கொண்டு போக முனைகிறான் இராவணன். மலை அசைகிறது. அந்த நேரத்தில் சிவன் செயலால் அவன் கையிலிருந்த வாள் நழுவி விழுகிறது. விழுந்த இடம் பிளக்கிறது. அப்படிப் பார்த்தால் அந்தப் பிளவு வெற்றியின் அடையாளமல்ல, ஒரு பெரிய சக்தி கைமீறிப் போன கணத்தின் தடம். தாய்ப் பாசத்தில் தொடங்கிய காரியம் எந்த இடத்தில் தருக்காக மாறியது? கேட்கிறவர் நின்று யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்தக் கோணமாமலைக்கு ஒரு பதிகம் பாடினார். அவருடைய பதிகங்களில் பெரும்பாலும் எட்டாவது பாடல் இராவணனுக்கு உரியது. கயிலையை எடுக்கப் போய், இறைவனின் கால்விரலுக்கு அடியில் நசுங்கியதை அது நினைவூட்டும். கோணமலைப் பதிகமும் அப்படியே. ஆனால் அதே பாடலில், அவன் பணிந்து ஏத்தியதும் பேறு பெற்றதும் வந்துவிடுகின்றன. வீழ்ச்சியையும் அருளையும் ஒரே பாட்டுக்குள் வைத்த அந்த மனசை ரசிக்காமல் இராவணனை ரசிக்க முடியாது.

இனி கன்னியாவுக்குப் போக வேண்டும். நகரத்திலிருந்து அநுராதபுரம் வீதியில் சில கிலோமீற்றர் தூரத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆழம் அதிகமில்லை. ஒரு கிணற்றில் வாளி விட்டு அள்ளி ஊற்றிக்கொண்டு அடுத்ததற்குப் போனால், சூடு மாறியிருப்பது உடம்புக்கே தெரியும். இறந்த தாய்க்கு ஈமக்கடன் செய்ய நீர் வேண்டி இராவணன் ஏழு இடத்தில் நிலத்தைக் குத்தினான், ஊற்று கிளம்பியது என்பது ஊர்க்கதை. கோணமலையில் வாளை நழுவவிட்டு அடங்கிய அதே கை, இங்கே துக்கத்தில் நீர் எடுக்கிறது. ஆற்றல் மாறவில்லை, அதை ஏந்திய மனநிலைதான் மாறியிருக்கிறது. மாயசக்தி உள்ள எந்தப் பாத்திரத்தையும் அளக்க இது நல்ல வழி. அவனால் என்ன முடியும் என்பதை விட, எந்த உணர்ச்சியில் அது முடிகிறது, எந்த உணர்ச்சியில் முடியாமல் போகிறது என்று கவனிக்க வேண்டும்.

சக்தி வந்த வழியையும் பார்க்க வேண்டும். பாரதத்தில் இதற்கு அசுவத்தாமனை விடப் பொருத்தமான ஆள் இல்லை. துரோணர் பிரம்மாஸ்திரத்தை மனமுவந்து கொடுத்தது அருச்சுனனுக்கு. மகன் நச்சரித்ததால்தான் அவனுக்கும் சொல்லிக்கொடுத்தார். எவ்வளவு பெரிய ஆபத்திலும் மனிதர்மேல் ஏவாதே என்று எச்சரித்தும் வைத்தார். போர் முடிந்த பிறகு அசுவத்தாமன் அதை ஏவுகிறான். அருச்சுனனும் பதிலுக்கு ஏவுகிறான். இரண்டு அஸ்திரங்களுக்கும் நடுவில் வியாசரும் நாரதரும் வந்து நிற்கிறார்கள். அருச்சுனன் தன்னுடையதை மீட்டுக்கொள்கிறான். அசுவத்தாமனால் முடியவில்லை. ஏவத் தெரிந்தவனுக்கு மீட்கத் தெரியாது. கடைசியில் அது அருச்சுனனின் மருமகள் உத்தரையின் வயிற்றிலிருந்த குழந்தைமேல் போகிறது.

இது திடீரென்று நடந்ததல்ல. இது வரும் சௌப்திக பருவத்திலேயே கண்ணன் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லியிருக்கிறான். அசுவத்தாமன் ஒருநாள் வந்து சக்கராயுதத்தைக் கேட்கிறான். எடுத்துக்கொள் என்கிறான் கண்ணன். இடக்கையால் பிடித்துப் பார்க்கிறான், அசையவில்லை. வலக்கையால் பிடிக்கிறான், அதுவும் அசையவில்லை. தன் அளவுக்கு மீறியதை விரும்பும் கையை முன்கூட்டியே காட்டிவிட்டுத்தான் கதை அந்தக் கையில் அஸ்திரத்தை வைக்கிறது. நல்ல கதையில் இந்த முன்னறிவிப்பு எங்காவது இருக்கும். தேடிக் கண்டுபிடிப்பதில் பாதி இன்பம்.

சில திரைப்படங்களில் இந்த முன்னறிவிப்பு இருக்காது; நாயகனின் சக்தி இடைவேளைக்குப் பிறகு காரணமில்லாமல் மங்கும், உச்சக்கட்டத்தில் காரணமில்லாமல் திரும்பி வரும். அது கட்டுமீறல் அல்ல, கதை எழுதியவரின் வசதி. 2013இல் வந்த ‘ஃப்ரோஸன்’ படம் அப்படிச் செய்யவில்லை. பனி உண்டாக்கும் சக்தி கொண்ட எல்சாவுக்குப் பயம் கூடக்கூடப் பனியும் கூடுகிறது. மறைத்து வை, அடக்கி வை என்று வளர்த்ததுதான் அந்தப் பயத்துக்கு வேர். குழந்தைப் படம்தானே என்று ஒதுக்கத் தேவையில்லை, இலக்கணம் சரியாக இருக்கிறது.

கண்ணகியின் கதை வேறு விதம். மதுரையை எரிக்கும்போது அவள் தீக்கு எல்லை வகுக்கிறாள். அறவோர், பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள், பசுக்கள் ஆகியோரை விட்டுவிடச் சொல்கிறாள். சினத்தின் உச்சியிலும் கை நடுங்கவில்லை. ஆனாலும் நகரத்தின் தெய்வமே அவளுக்கு முன்னால் வரத் துணியாமல் பின்னால் வந்துதான் பேசுகிறது. கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கு குளிர்த்தியோடு நிறைவுறுவதற்கு இதுதான் காரணம். எரித்தவளைக் குளிர வைக்காமல் மக்கள் கதையை விட்டு எழுந்து போவதில்லை. சக்தி வெளிப்பட்ட பிறகு அதை யார் ஆற்றுகிறார்கள் என்பதும் கதையில் சேர்ந்ததுதான்.

கிண்ணியா போன்ற கடற்றொழில் ஊரில் மிக நெருக்கமாகப் புரியக்கூடிய கதை ஆயிரத்தொரு இரவுகளில் இருக்கிறது. ஓர் ஏழை மீனவர். ஒரு நாளைக்கு நான்கு தடவைதான் வலை வீசுவது என்று அவருக்கு ஒரு கட்டுப்பாடு. முதல் மூன்று வீச்சில் செத்த கழுதை, சேறு நிறைந்த சாடி, ஓட்டாஞ்சல்லி. நான்காவதில் சுலைமான் நபியின் முத்திரை வைத்த பித்தளைக் குடம். திறந்ததும் வெளியே வந்த ஜின், உன்னைக் கொல்லப் போகிறேன் என்கிறது. அடைபட்டுக் கிடந்த காலத்தில் முதலில், விடுவிப்பவரைச் செல்வராக்குவேன் என்றது; பிறகு புதையல்களைத் திறந்து தருவேன் என்றது; பிறகு மூன்று வரம் என்றது. யாரும் வரவில்லை. காத்திருப்பு கசந்து வஞ்சமாகிவிட்டது. இவ்வளவு பெரிய உருவம் இந்தக் குடத்துக்குள் எப்படி இருந்தது என்று மீனவர் கேட்கிறார். காட்டுகிறேன் பார் என்று உள்ளே போகிறது ஜின். மூடி விழுகிறது.

இதில் மீனவரின் தந்திரத்தை எல்லோரும் ரசிப்பார்கள். அந்த நான்கு வீச்சைக் கவனிப்பவர்கள் குறைவு. பசியோடு இருந்தும் ஐந்தாவது தடவை வலையைத் தொடாத மனிதருக்கு எதிரில், தன் கோபத்துக்கு எல்லை வைக்கத் தெரியாத மாபெரும் சக்தி நிற்கிறது. யார் வெல்வார் என்பது முதல் வரியிலேயே முடிவாகிவிட்டது.

வீட்டில் உம்மம்மா ஜின் கதை சொல்ல ஆரம்பித்தால் இடைமறிக்காமல் கேளுங்கள். கதை முடிந்த பிறகு, அந்த ஜின்னுக்கு முதலில் என்ன நடந்தது, யாருக்குக் கட்டுப்பட்டிருந்தது, ஏன் மீறியது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். கதையைப் பலர் எழுதி வைப்பார்கள். அந்தப் பதிலை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்.