வானில் ஏற்றும் மஞ்சள் விளக்கு

ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலத் தீ சட்டென்று மஞ்சளாகும். உப்பிலுள்ள சோடியம் காட்டும் நிறம் அது. அளந்தால் 589 நானோமீட்டர். எந்த வீட்டு அடுப்பிலும் தெரியும் இந்த மஞ்சளைத்தான் உலகின் பெரிய தொலைநோக்கிகள் லேசராக்கி வானுக்கு அனுப்புகின்றன.

ஏன் அனுப்ப வேண்டும்? சித்திரை வெயிலில் தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்திருப்போம். இரவிலும் மேலே அந்த நெளிவு ஓயாமல் நடக்கிறது. விண்மீன் மினுக்குவது அதனால்தான். நமக்கு அழகு, வானியலாளருக்குக் கலங்கிய படம். நெளிவை அளந்து, அதற்கு எதிராக ஆடியை நெளித்தால் படம் தெளியும் என்று 1953-இல் வானியலாளர் ஹொரேஸ் பாப்காக் சொன்னார். அளப்பதற்குப் பக்கத்திலேயே ஒளிமிக்க விண்மீன் ஒன்று வேண்டும். வானத்தில் பெரும்பாலான திசைகளில் அது இல்லை. இல்லாத இடத்தில் நாமே ஒன்றை ஏற்றலாம் என்று 1985-இல் வானியலாளர்கள் ஃபுவாவும் லபெய்ரியும் எழுதினார்கள். அமெரிக்க ராணுவம் அதற்கு முன்பே ரகசியமாக இதில் இறங்கியிருந்த செய்தி 1991-இல்தான் வெளியே வந்தது.

அன்று முதல் இரண்டு வழிகள். ஒன்று ராலே வழி: பத்து, இருபது கிலோமீட்டர் உயரத்துக் காற்று மூலக்கூறுகளில் பட்டுச் சிதறித் திரும்பும் ஒளியை விண்மீனாகக் கொள்வது. மற்றது சோடிய வழி. எரிகற்கள் விட்டுச்சென்ற சோடியம் சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய படலமாக மிதக்கிறது. 589-இல் லேசர் பட்டால் அது ஒளிர்கிறது.

பெரிய ஆடிகள் சோடியத்தை நாடுவதற்குக் காரணம் உண்டு. செயற்கை விண்மீனின் ஒளி கவிழ்த்துவைத்த புனல்போல விரிந்து இறங்குகிறது. விண்மீன் தாழ்வாக இருந்தால், ஆடியின் விளிம்புக்கு நேர்மேலே உயரத்திலுள்ள காற்று அந்தப் புனலுக்கு வெளியே நின்றுவிடும். எட்டு மீட்டர், முப்பது மீட்டர் ஆடிக்கு அந்த இழப்பு தாங்காது.

சோடிய லேசரை வாட் கணக்கில் மட்டும் மதிப்பிடுவது தவறு என்பது என் கருத்து. அனுப்பிய ஒவ்வொரு வாட்டுக்கும் எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பதே உண்மையான தரம். நிறம் மயிரிழை விலகினாலும் அணுக்கள் ஏற்காது. ஏற்றாலும் அவற்றில் சில, லேசருக்கு எட்டாத நிலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவற்றை மீட்க ஒளியில் ஒரு சிறு பங்கை 1.7 கிகாஹெர்ட்ஸ் தள்ளி அனுப்புகிறார்கள்.

லிக், கெக் ஆய்வகங்களின் தொடக்ககால லேசர்கள் சாயக் கரைசலில் ஓடின. சாயத்தைக் கரைத்தது எளிதில் தீப்பற்றும் ஆல்கஹால். மலையுச்சியில் அதைக் கட்டிக் காப்பது பெரும்பாடு. அடுத்து வந்தது படிக வழி. யாக் படிகம் தரும் 1064, 1319 நானோமீட்டர் ஒளிகளைக் கலந்தால் மிகச் சரியாக 589 வருகிறது. இயற்கையே கூட்டிவைத்த கணக்கு! ஜெமினி தொலைநோக்கிகள் இதைக் கைக்கொண்டன.

மூன்றாவது தலைமுறையைப் பற்றி எழுதும்போது எனக்குப் பெருமிதம் பொங்குகிறது. 1120 நானோமீட்டர் ஒளியைக் கண்ணாடி இழைக்குள் செலுத்துகிறார்கள். அது தன் ஆற்றலில் சிறிது கண்ணாடியின் அதிர்வுக்குக் கொடுத்து 1178 ஆகிறது. அதன் அதிர்வெண்ணை இரட்டித்தால் 589. ஆற்றலில் ஒரு பங்கை அதிர்வுக்குக் கொடுத்து ஒளி நிறம் மாறுவதை 1928 பிப்ரவரி 28-இல் கண்டறிந்தவர், திருச்சிப் பக்கம் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன். சிலி நாட்டு பாரனல் மலையில் 2016 ஏப்ரலில் ஏற்றிய நான்கு 22 வாட் லேசர்களும் ராமன் இழை வகையைச் சேர்ந்தவை.

இதைச் சொல்லிவிட்டு, ராலே வழியை ஏழைகளின் வழி என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். புனேயின் ஐயூகா நிறுவனமும் கால்டெக்கும் சேர்ந்து உருவாக்கிய ‘ரோபோ-ஏஓ’ கருவி 2011-இல் பாலோமரின் 1.5 மீட்டர் தொலைநோக்கியில் ஏறியது. அவர்கள் தேர்ந்தது 355 நானோமீட்டர் புறஊதா லேசர். அலைநீளம் குறையக் குறையக் காற்றின் சிதறல் நான்காம் அடுக்கில் கூடும்; மஞ்சளைவிட இது ஏழு மடங்குக்கும் மேல் சிதறும். மனிதக் கண்ணுக்குத் தெரியாததால் விமானி கண் கூசமாட்டார். விமானம் வருகிறதா என்று வானத்தைப் பார்த்து நிற்க ஆளும் வேண்டாம். இரவு முழுவதும் இயந்திரமே வேலையை நடத்தும். கெப்ளர் விண்கலம் கோள் இருக்கலாமென்று குறித்த 715 இலக்குகளை இப்படித்தான் பார்த்து முடித்தார்கள்.

நம் காவலூர் வான் ஆய்வகத்தின் பெரிய ஆடி 2.34 மீட்டர், ஐயூகாவின் கிரவாலித் தொலைநோக்கி 2 மீட்டர். இந்த அளவுக்கு ராலே வழி போதும். அது இயங்கும் விதம் இதுதான். லேசர் துடிப்பு கிளம்பி, பத்து கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டுத் திரும்ப 67 மைக்ரோவிநாடி ஆகிறது. அதுவரை ரோபோ-ஏஓவின் மூடி சாத்தியிருக்கும். வழியில் தாழ்வாகச் சிதறிய ஒளி உள்ளே நுழையாது. 67-ஆவது மைக்ரோவிநாடியில் மூடி கண் திறக்கும். அந்த உயரத்து ஒளி மட்டும் உள்ளே வந்ததும், அடுத்த துடிப்புக்காக மறுபடி மூடிக்கொள்ளும்.