பல்புக்கு முன்னால் வயர்

விடிகாலை மூன்றரை மணிக்குப் பட்டினச்சேரியில் காரை எடுத்தால் ரோட்டில் யார் யார் இருப்பார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எக்ஸெல் வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவர் போவார். பெட்டி டெயில் லைட்டை மறைத்திருக்கும். தோளில் வலையும் கையில் தூக்குவாளியுமாக நாலைந்து பேர் ஓரமாக நடப்பார்கள். பகல் முழுக்க வெயில் குடித்த தார் அந்த நேரத்திலும் கதகதப்பாக இருப்பதால் மாடுகள் ரோட்டு நடுவில்தான் படுத்திருக்கும். திருமலைராயன்பட்டினத்தில் மெயின் ரோடு ஏறிவிட்டால் வாஞ்சூர் துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் லாரிகளின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். ஹெட்லைட்டைப் பற்றி நான் இங்கே எழுதுவதெல்லாம் இந்த ரோட்டில், இந்த ஆட்களுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தது.

வண்டி 2013 மாருதி ஸ்விஃப்ட் டீசல். முன்விளக்கு ரிஃப்ளெக்டர் வகை, உள்ளே ஹெச்4 ஹாலஜன் பல்பு: ஹைபீமுக்கு 60 வாட், லோபீமுக்கு 55. என் வேரியன்டில் ஃபாக் லைட் வரவில்லை. பம்பரில் அந்த இடத்தை மூடி போட்டு அடைத்திருந்தார்கள். வெளியில் கிட் வாங்கி மாட்டினேன், அதற்கு ஹெச்11 பல்பு. வாரத்தில் மூன்று நாள் டிக்கியில் இரண்டு ஐஸ் பெட்டியோடு கும்பகோணம் போய்வருகிறேன். போன ஐப்பசியில் படுத்திருந்த ஒரு கறுப்பு மாட்டை நூலிழையில் தவிர்த்தேன். அன்றைக்குத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

எல்லோரையும் போல நானும் முதலில் வாங்கியது எல்இடி பல்பு. பெட்டியில் 20,000 லூமன் என்று போட்டிருந்தது. ஒரு சாதாரண ஹெச்4 ஹாலஜனுக்கு விதிக்கப்பட்ட அளவே லோபீமில் சுமார் 1,000 லூமன், ஹைபீமில் 1,650. மாட்டிய பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தேன்: ஒரு பல்பு இழுத்தது ஏறத்தாழ 30 வாட். ஒரு வாட்டுக்கு 150 லூமன் என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 4,500 தாண்டாது. பெட்டியில் இருக்கும் எண்ணை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தால் பட்டப்பகல்தான். இரண்டு நாள் சந்தோஷமாக ஓட்டினேன். மூன்றாம் நாள் காலையில் நான் மாமா என்று கூப்பிடும் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நேத்து எதிர்ல வந்தது நீதானா மாப்ள? கண்ணுல மண்ணள்ளிப் போட்டாப்ல ஆயிடுச்சு. வண்டிய நிறுத்திட்டு ஓரமா நின்னுட்டேன்."

அவருக்கு அறுபது வயது. பெட்டி நிறைய மீனோடு, ஸ்டாண்டு போட முடியாமல், வண்டியைக் காலால் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு மனசே சரியில்லை.

என்ன நடந்தது என்று புரிய ஹெச்4 பல்பை ஒருமுறை கையில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடிக்குள் இரண்டு இழைகள். லோபீம் இழைக்கு அடியில் தகரத் தொப்பி மாதிரி ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். கீழே போகும் வெளிச்சத்தை அது மறித்துவிடும். ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் வேலை செய்து வெளிச்சத்தை ரோட்டுக்குச் சாய்க்கும். கிண்ணத்தின் ஒரு விளிம்பைச் சாய்வாக வெட்டியிருப்பதால்தான் இடது ஓரத்தில் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் மேலேறி, நடந்து போகிறவரைக் காட்டுகிறது. 1971இல் வந்த வடிவம் இது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை நிற்கும் இடத்தை வைத்துச் செய்தது. எல்இடியில் இழை இருக்கிற இடத்தில் தட்டையான சிப்பு, இரண்டு பக்கம் மட்டும் வெளிச்சம் விடும். மில்லிமீட்டர் கணக்கில் இடம் மாறினாலே வெளிச்சம் கலைந்து மேலே தெறிக்கும். எல்லா எல்இடியும் மோசம் என்று சொல்லவில்லை. ஜெர்மனியில் 2020இல் ஓஸ்ராமின் ஹெச்7 எல்இடி பல்புக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் குறிப்பிட்ட கார் மாடல்களின் விளக்குகளில் சோதித்து, அந்த மாடல்களுக்கு மட்டும்.

நம் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 106ஆம் விதி இதற்கு ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்கக் கூடாது. டேப் பிடித்து அளந்து, அந்த இடத்தில் அக்காள் மகனை நிறுத்தினேன். அவன் கண் உயரம் சரியாக ஒன்றரை மீட்டருக்கு வரும். ஹாலஜன் லோபீமில் என் முகத்தைப் பார்த்துப் பேசினான். எல்இடி போட்டதும் முழங்கையை மடக்கி முகத்தை மூடிக்கொண்டான். நீங்களும் உங்கள் வீட்டில் ஒருவரை நிறுத்திப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை.

மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். ஊரே அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். அந்தச் சமயத்தில் கைக்குழந்தையும் கிழவியுமாக ஜனங்கள் ரோட்டில் நடப்பதை நினைத்துக்கொண்டேன். அந்தக் கூட்டத்துக்கு நடுவே இந்த விளக்கைப் போட்டுக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை.

மழை வந்தபோது மிச்சமும் தெரிந்துபோனது. ஈரத்தாரில் அந்த 6000 கெல்வின் வெள்ளை வெளிச்சம் அப்படியே காணாமல் போகிறது. லைட் எரிகிறதா என்று இறங்கிப் பார்த்தேன், எரிந்துகொண்டுதான் இருந்தது. பல்பின் பின்னால் ஃபேன் துருத்திக்கொண்டு நின்றதால் ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. ஹாலஜனின் சூடு விளக்குக்குள் சேரும் ஈரத்தை விரட்டிவிடும். எல்இடியின் சூடு முன்கண்ணாடிப் பக்கம் வராமல் பின்னால் போய்விடுகிறது. மூடியும் திறந்து, சூடும் இல்லாமல், கடற்காற்றின் ஈரம் உள்ளே முத்து முத்தாகக் கட்டியது. லைட் போட்டால் காரைக்கால் பண்பலையில் இரைச்சல் வேறு. கழற்றிவிட்டேன்.

இனி சொல்லப்போவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியம்.

காரைக்காலில் எனக்கு வேலை செய்யும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் பல்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரை முதலில் பேட்டரியில் வைத்தார்: 14.1 வோல்ட். பிறகு பல்பு ஹோல்டரின் பின்னுக்கு நடுவே வைத்தார்: 11.6. இரண்டரை வோல்ட் வழியிலேயே போயிருக்கிறது.

"பல்பு என்ன தம்பி பண்ணும், அதுக்குச் சோறே போய்ச் சேரலையே" என்றார்.

இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. அதைவிட வேகமாகச் சரியும். பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் முப்பது சதவீத வெளிச்சம் போய்விடும். கம்பெனி வயர் மெல்லிசு, சுவிட்ச் பழசு. எல்லாவற்றுக்கும் மேல் எங்கள் ஊர் உப்புக்காற்று. எர்த் வயர் பாடியில் மாட்டியிருந்த போல்ட்டைக் கழற்றியபோது வாஷருக்கு அடியில் பச்சையும் பழுப்புமாக ஒரு படலம். உள்நாட்டில் பத்து வருஷம் ஓடுகிற இணைப்பு கடலோரத்தில் நாலைந்து வருஷத்தில் இப்படி ஆகிவிடுகிறது. அண்ணன் அந்த இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகரம் தெரியத் தேய்த்து, புது லக் வைத்து முறுக்கி, மேலே வாசலின் தடவினார். பிறகு ரிலே வயரிங் கிட். பழைய வயரும் சுவிட்சும் ரிலேவுக்குக் கட்டளை கொடுப்பதோடு சரி. பல்புக்கான கரண்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயரில் நேராகப் போகும். கிட்டும் கூலியும் சேர்த்து ஆயிரத்து நானூறு ரூபாய். மறுபடி மீட்டர் வைத்தால் ஹோல்டரில் 13.6. கணக்குப்படி அதே பழைய பல்பிலிருந்து எழுபது சதவீதம் கூடுதல் வெளிச்சம்.

கண்ணாடி என்று நாம் சொல்லும் முன்மூடி உண்மையில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சளடித்திருந்தது. 800இல் தொடங்கி 1500, 2000, 3000 என்று தண்ணீர் உப்புத்தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டு, புறஊதா தாங்கும் கிளியர் கோட் அடித்தேன். பற்பசை வைத்துத் தேய்ப்பதும் பளபளக்கும், ஆனால் மேற்பூச்சு இல்லாமல் சீக்கிரமே மறுபடி மஞ்சளாகிவிடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பல்பு. அதே 60/55 வாட்டில் ஓஸ்ராம் நைட் பிரேக்கர் ஒரு ஜோடி, இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கூட. இந்த வகைப் பெட்டிகளில் நூற்றுச் சொச்சம் சதவீதம் அதிக வெளிச்சம் என்று போட்டிருப்பார்கள். அது பீமின் சில இடங்களில் சட்டப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்சத்தோடு ஒப்பிட்ட கணக்கு. மொத்த லூமன் விதியின் வரம்புக்குள்தான் இருக்கும். இழையை இறுக்கமாகச் சுற்றி, சூட்டைக் கூட்டி, வெளிச்சத்தை வேண்டிய இடத்தில் குவிக்கிறார்கள். அதற்கு விலை ஆயுள்: சாதாரண பல்பைவிடச் சீக்கிரம் போகும், ரிலே கொடுக்கும் முழு வோல்ட்டில் இன்னும் சீக்கிரம். எனக்கு அது சம்மதம். மாட்டும்போது பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறி பல்பு கெடும். பல்பின் அடித்தகட்டில் வட்டத்துக்குள் ஈ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 100/90 வாட் பல்பு பக்கமே போக வேண்டாம். பக்கத்துத் தெருவில் ஒரு வண்டியில் ஹோல்டர் உருகி வயரோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாற்றுவதை அனுமதிப்பதில்லை.

பிறகு பீமைச் சரிசெய்தது. சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டு, லோபீமின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டர் கீழே வரும்வரை பின்னாலிருக்கும் திருகைத் திருப்பினேன். டிக்கியில் இரண்டு ஐஸ் பெட்டி ஏறியதும் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். அதே கோட்டைத் தாண்டி வெளிச்சம் மேலே போய்விட்டது. டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சக்கரம் இருக்கிறதே, அது இதற்காகத்தான். பெட்டி ஏற்றினால் இரண்டில் வைக்கிறேன். இத்தனை வருஷம் அதை நான் தொட்டதே இல்லை.

சோதனைக்கு ஒரு கறுப்புச் சாக்கை ரோட்டோரம் போட்டு, லோபீமில் அது எங்கே கண்ணுக்குத் தட்டுப்படுகிறது என்று காலடியால் அளந்தேன். ஆரம்பத்தில் 30 மீட்டர். ரிலே போட்டதும் 45. பாலிஷ், புதுப் பல்பு, பீம் எல்லாம் முடிந்தபின் 60க்குப் பக்கம். 60 கிலோமீட்டர் வேகத்தில் கால் பிரேக்குக்குப் போவதற்குள் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும்; காய்ந்த ரோட்டில் நிற்க இன்னொரு 20 வேண்டும். 30 மீட்டரில் மாடு தெரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஃபாக் லைட்டுக்கு மஞ்சள் பூச்சுள்ள ஹெச்11 ஹாலஜன் போட்டேன். மஞ்சள் பனியைத் துளைக்கும் என்று பலரும் சொல்வார்கள். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளில் கிடைக்கும் லாபம் வேறு: நீலம் குறைவதால் திரும்பி வரும் வெளிச்சம் கண்ணை உறுத்துவதில்லை. 1954 வரை காரைக்காலை ஆண்ட பிரான்ஸ், தன் நாட்டில் 1936இல் போட்ட சட்டத்தால் கார்களின் முன்விளக்கை மஞ்சளாக்கி, 1993 வரை அப்படியே வைத்திருந்தது. பனியில் உண்மையான வேலையைச் செய்வது விளக்கு இருக்கும் இடம்: பம்பரின் அடியில், தட்டையாக, அகலமாக. மார்கழியில் திருநள்ளாறு தாண்டி வயலுக்கு நடுவே போகும்போது இடுப்பளவு வெண்மைக்கு அடியில் ரோட்டின் வெள்ளைக்கோடு இரண்டு பக்கமும் தெரிந்தது. அது போதும், 30இல் ஊர்ந்து போய்விடலாம். ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளை வேட்டி விரித்த மாதிரி ஆகிவிடுகிறது. பனியும் மழையும் இல்லாதபோது ஃபாக் லைட்டை அணைத்துவிடுகிறேன். காலடியில் வெளிச்சம் கூடினால் கண் அதற்குப் பழகி தூரத்தை விட்டுவிடும்.

எல்இடிக்குப் போன பணம் தனி. மற்றதெல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. அதில் பல்பை விட்டுவிட்டு எர்த், ரிலே, பீம் மட்டும் செய்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம் என்பதுதான் என் கருத்து. கடலோரத்தில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், ஹோல்டரில் மீட்டர் வைத்துப் பாருங்கள்.

மாமாவை அப்புறம் பலமுறை எதிரே பார்த்தாகிவிட்டது. நிற்காமல், ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறார். கழற்றிய பழைய பல்புகள் இரண்டும் இன்னும் எரிகின்றன. தினத்தாளில் சுற்றி, ஒரு ஜோடி கையுறையோடு கிளவ் பாக்ஸில் வைத்திருக்கிறேன். புதுசு எந்த ராத்திரியில் போகும் என்று தெரியாது.