ரஷ்ய எரிவாயு நிறுத்தம் குறித்த 2022 ஆய்வு: மதிப்பீடு

ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த சில நாட்களில், 2022 மார்ச்சில், ஒன்பது பொருளியலாளர்கள் இந்த ஆய்வை வெளியிட்டனர். ரஷ்ய எரிபொருள் இறக்குமதி நின்றால் ஜெர்மனியின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 0.5 முதல் 3 விழுக்காடு வரை குறையும் என்பது அவர்களின் கணிப்பு. இத்தகைய கணித மாதிரிகளை நம்புவது பொறுப்பற்றது என்று சான்சலர் ஓலாஃப் ஷோல்ஸ் மறுத்தார்.

ஆகஸ்ட் இறுதியில் ரஷ்யாவே நார்ட் ஸ்ட்ரீம் குழாயை மூடியது. அஞ்சப்பட்ட பெருஞ்சரிவு நிகழவில்லை. நெருக்கடியில் தொழில்கள் மாற்றுவழி தேடிக்கொள்ளும் என்று கண்டதே ஆய்வின் வலிமை. ஆனால் அது ஆராய்ந்தது உடனடி நிறுத்தத்தை. குழாய் மூடப்பட்டதோ கிடங்குகள் பெருமளவு நிரம்பிய பிறகு. ஆகவே கணிப்பு முழுமையாக நிறுவப்பட்டது எனச் சொல்ல முடியாது.

உக்ரைனுக்காக அந்த இழப்பைத் தாங்கலாமா என்பது அரசியல் கேள்வி. அது கணக்கின் மீதான சண்டையாக மாறியதில் விவாதம் திசைமாறியது.