ஒருமுறை பதிவு, ஆயுள் முழுக்க வருமானமா?



"பாடத்தை ஒரே ஒருமுறை காணொலியாகப் பதிவு செய்யுங்க, தூங்கும்போதும் காசு வரும்." இந்த மாதிரி விளம்பரத்தை உங்க புலனக் குழுவிலும் பார்த்திருப்பீங்க. கட்டணம் கட்டிப் பயிலரங்குக்குப் போனால், யூடெமி போன்ற இயங்கலைப் பாடச் சந்தைகளில் வகுப்பை எப்படி ஏற்றுவது, எப்படி விலை போடுவது என்று சொல்லித் தருகிறார்கள். ஏற்றுவது உண்மையிலேயே சுலபம்தான். கட்டண வகுப்புக்கு யூடெமி கேட்பது குறைந்தது 30 நிமிடக் காணொலியும் 5 பாடப் பகுதிகளும். ஓரளவு நல்ல ஒலிவாங்கியும் பொறுமையும் இருந்தால் ஒரு பள்ளி விடுமுறைக்குள் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் பயிலரங்கில் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இங்கே அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் பங்கு. உங்க சொந்த இணைப்பு அல்லது கழிவுக் குறியீடு வழியாக ஒருவர் வந்து வாங்கினால், வரி, செயலிக் கடைக் கட்டணம் போன்றவை போக மிஞ்சும் தொகையில் 97 சதவீதம் உங்களுக்கு. அதே வகுப்பை ஒருவர் சந்தைக்குள்ளேயே தேடிக் கண்டுபிடித்து வாங்கினால் 37 சதவீதம்தான். முன்பு இது 50 சதவீதமாக இருந்தது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பாடம் ஒன்றே, ஆசிரியர் ஒருவரே, உழைப்பும் ஒன்றே. வித்தியாசம், வாங்குபவரை யார் அழைத்து வந்தார் என்பதில் மட்டும். அதாவது, அந்த 60 சதவீதம் கற்பித்தலுக்கு உரிய விலை இல்லை. ஆள் பிடித்துத் தருவதற்கு உரிய விலை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, விதிமுறையில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை.

அடுத்து சந்தா. நிறுவன ஊழியர்களும் மாதச் சந்தா கட்டுபவர்களும் பார்க்கும் வகுப்புகளுக்குத் தனிக்கணக்கு உண்டு. சந்தாப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, யாருடைய காணொலியை எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்பதை வைத்துப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அந்த ஒதுக்கீடு 2023 வரை 25 சதவீதம். 2024இல் 20 ஆனது, 2025இல் 17.5, 2026இல் 15. ஆசிரியர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, பாடமும் கெட்டுப்போகவில்லை. நிறுவனம் அறிவித்தது, குறைந்தது, அவ்வளவுதான். ஆயுள் முழுக்க வருமானம் என்று சொல்பவரிடம் இந்த நான்கு எண்களையும் காட்டிக் கருத்துக் கேளுங்க.

இப்போது நம்ம ஊர்க் கணக்கு. கிள்ளானில் எஸ்.பி.எம். தமிழ்மொழி கற்பிக்கும் ஓர் ஆசிரியர் நான்கு மணி நேர வகுப்பு ஒன்றைப் பதிவு செய்து 150 வெள்ளி விலை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் முழு விலைக்கு வாங்குபவர் குறைவு. அடிக்கடி தள்ளுபடி நடக்கும். தள்ளுபடித் திட்டத்தில் சேராமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் பக்கத்துக் கடையெல்லாம் தள்ளுபடியில் விற்கும்போது உங்க கடை மட்டும் 150 வெள்ளி என்று நிற்கும். ஆகவே சேர்ந்துவிட்டார், 40 வெள்ளிக்கு விற்கிறது என்போம். சந்தை வழியாக வந்த மாணவர் ஒருவருக்கு 14 வெள்ளி 80 காசு. ஆண்டுக்கு 50 பேர் வந்தால் 740 வெள்ளி. மாணவர் பக்கம் பார்த்தாலும், வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 ஜனவரியிலிருந்து 6 சதவீதமும் 2024 மார்ச்சிலிருந்து 8 சதவீதமும் சேவை வரி உண்டு. அமெரிக்காவில் இருப்பவர் யாராவது வாங்கினால் அந்தப் பங்கில் 30 சதவீதம் அங்கேயே பிடித்தமாகும், ஏனென்றால் மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முழுமையான இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை இல்லை. (எஸ்.பி.எம். தமிழை அமெரிக்காவில் யார் வாங்கப் போகிறார் என்று கேட்காதீங்க. ஆசை காட்டுபவர் "உலகமே உங்க வகுப்பறை" என்றுதான் சொல்கிறார்.)

அந்த 50 பேர் வருவார்களா? இதுதான் உண்மையான கேள்வி. ஆண்டுதோறும் எஸ்.பி.எம். எழுதுபவர்கள் ஏறக்குறைய 4 லட்சம் பேர். அவர்களில் 6354 என்ற குறியீட்டுத் தமிழ்மொழித் தாளை எடுப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். தமிழ் இலக்கியம் எடுப்பவர்கள் அதைவிடக் குறைவு. கடல் போல் கூட்டம் வந்தால்தான் 37 சதவீதத்திலும் பிழைக்க முடியும். நம்முடையது கிணறு. நல்ல தண்ணீர்தான், ஆனால் கிணறு.

தமிழில் பாடம் விற்றவர்கள் யாரும் வெற்றி பெறவில்லையா? பெற்றிருக்கிறார்கள். சென்னையில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் துணையோடு 2014இல் தொடங்கிய குவி நிறுவனம் கணினி நிரலாக்கத்தைத் தமிழில் கற்றுக் கொடுத்துப் பெரிதாக வளர்ந்தது. 2022இல் எச்.சி.எல். குழுமம் அதன் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. யூடெமியிலும் பைத்தான், எக்செல் போன்றவற்றைத் தமிழில் விளக்கும் வகுப்புகள் இருக்கின்றன. கவனியுங்க, அங்கெல்லாம் தமிழ் என்பது பாடம் நடத்தும் மொழி. விற்கும் பொருள், வேலை கிடைக்க உதவும் திறன். நம்முடைய நிலை வேறு. இங்கே தமிழே பாடம், அதுவும் மலேசியப் பாடத்திட்டத்தில். கோயம்புத்தூரில் இருப்பவருக்கு நம்ம செய்யுளும் மொழியணியும் பட்டியல் எதற்கு? குவியின் வெற்றியைக் காட்டி நமக்கு வகுப்பு விற்க வருபவர் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடுகிறார்.

காசுக் கணக்கைவிட எனக்குப் பெரிய மனக்குறை பாடத்தைப் பற்றியது. பதிவு செய்த காணொலிக்கு என்ன முடியும், என்ன முடியாது?

வலிமிகும் இடங்கள், வலிமிகா இடங்கள் மாதிரியான பகுதிக்குக் காணொலி அருமையான கருவி. விதி ஒன்று, எடுத்துக்காட்டு பத்து, புரியவில்லையா, திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். வகுப்பில் கை தூக்கக் கூச்சப்படும் பையன் வீட்டில் நான்கு முறை பார்ப்பான். ஆனால் கட்டுரை? ஒரு மாணவி "பறவைகள் பறந்தது" என்று எழுதுகிறாள். ஒருமை பன்மைக் காணொலியைப் பார்க்கிறாள், தலையாட்டுகிறாள், பயிற்சிக் கேள்வியில் சரியான விடையைத் தேர்வும் செய்துவிடுகிறாள். அடுத்த கட்டுரையில் மறுபடியும் "மரங்கள் சாய்ந்தது". விதி தெரியாமல் இல்லை, எழுதும் வேகத்தில் கை பழைய வழக்கத்துக்குப் போய்விடுகிறது. அவள் தாளில் அந்த இடத்தைச் சுழித்து, "இது மூன்றாவது முறை" என்று ஒருவர் எழுதினால்தான் மாறும். முன்னுரையில் பழமொழியைத் திணிக்கும் பழக்கமும் அப்படித்தான். கருத்துகளை அடுக்கிவிட்டு எதையும் விளக்காமல் போவதும் அப்படித்தான். தமிழ்த் தாளில் புள்ளி போகிற இடம் பெரும்பாலும் இந்த மாதிரி இடங்கள்தான். இவை திருத்தினால் மட்டும் சரியாகும். நாற்பது வெள்ளி வகுப்பில் திருத்துவதற்கு ஆள் கிடையாது, அந்த விலையில் கிடைக்கவும் முடியாது.

சந்தை அளப்பது விற்பனையையும் நட்சத்திரங்களையும். வகுப்பில் பாதியைக்கூடப் பார்க்காதவரும் ஐந்து நட்சத்திரம் போடலாம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய எட்எக்ஸ் வகுப்புகளின் தரவை வைத்து ஜஸ்டின் ரைக், ஹொசே ருயிபெரெஸ் வலியென்டே இருவரும் 2019இல் 'சயன்ஸ்' ஆய்விதழில் எழுதினார்கள். 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம் மட்டுமே. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களில் முடித்தவர்கள் 46 சதவீதம். காசு கொடுத்தவர் கொஞ்சம் ஒழுங்காகப் படிக்கிறார், உண்மைதான். என்றாலும், பணம் கட்டிய பெரியவர்களே பாதிக்கு மேல் நடுவில் விட்டுவிடும்போது, பதினேழு வயதுப் பிள்ளை தனியாக உட்கார்ந்து நான்கு மணி நேரம் பார்த்து முடிக்கும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம் இல்லையா?

நம்ம வட்டாரத்தின் பழக்கமே வேறு. பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடைவீட்டு மாடிகளில் நடக்கும் பிரத்தியேக வகுப்புகளை நினைத்துப் பாருங்க. இடம் நெருக்கம், வாகனம் நிறுத்த இடமில்லை, வகுப்பு முடியும் நேரத்தில் பெற்றோர் இரண்டாவது வரிசையில் காரை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். குறை நிறைய உண்டு. ஆனால் அங்கே பிள்ளையின் தாளை யாரோ ஒருவர் கையில் எடுத்துப் பார்க்கிறார். 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் பட்டணம், தோட்டம் என்று பாராமல் நாடு முழுக்க வகுப்பு நடத்தியது. பல்கலைக்கழக மாணவர்கள் தங்களுக்கு அடுத்து வந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அதை வளர்த்தது ஏற்கெனவே தேர்வு எழுதிய அண்ணனும் அக்காவும் எதிரில் வந்து உட்கார்ந்ததுதான். சந்தைக்கு அந்த அண்ணன் அக்காவை எந்த விலையில் விற்பது என்று தெரியாது.

அதற்காக இயங்கலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நாம் எல்லோரும் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டோம். 2021 பிப்ரவரி 17இல் டிடிக் டிவி தொடங்கியது. அப்போது வகுப்புக்குள் வர முடியாமல் போன பிள்ளைகள் யார் என்பதும் நமக்குத் தெரியும். ஒரு கைப்பேசியை மூன்று பேர் பகிர்ந்த வீடுகள், தரவு தீர்ந்துபோன வீடுகள். கட்டணச் சுவருக்குப் பின்னால் பாடத்தை வைக்கும்போது முதலில் வெளியே நிற்பதும் அதே பிள்ளைகள்தான்.

பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். அரசாங்க ஊழியர் நடத்தை, ஒழுங்கு விதிகள் 1993இன் 5ஆம் விதிப்படி, வெளிவேலை செய்து சம்பாதிக்கும் முன் துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். "நான் நேரில் வகுப்பு எடுக்கலையே, காணொலிதானே" என்ற வாதத்தை நம்பி இறங்காதீங்க, முதலில் கேட்டு வாங்குங்க. கிடைக்கும் வருமானத்தை வரிப் பாரத்திலும் காட்ட வேண்டும். இன்னொன்று பதிப்புரிமை. பாடநூல் பக்கத்தை வருடி எடுத்துக் காணொலியில் ஓட்டுவது நம்மிடம் சர்வ சாதாரணமாகிவிட்டது. பாடநூலின் உரிமை நம்முடையது இல்லை. பள்ளி வேலையின் பகுதியாக நீங்களே தயாரித்த பயிற்றிக்கும், வேறு உடன்பாடு இல்லையென்றால், 1987 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை வேலை கொடுத்தவருக்குப் போகும். வகுப்புக்காகச் செய்ததை அப்படியே விற்பனைக்கு ஏற்றும் முன் யோசிங்க.

விற்கத்தான் வேண்டும் என்றால் என் கருத்து இது. சந்தைக்கு நாம்தான் மாணவரை அழைத்துப் போக வேண்டும் என்றால், நடுவில் சந்தை எதற்கு? புலனக் குழுவில் இருபது பிள்ளைகளும் வாரம் ஒரு கட்டுரையும் போதும். இயங்கலையிலேயே நடத்தலாம், தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். கட்டணம் வாங்கினால் அதைத் திருத்துவதற்கு வாங்குங்க, விளக்கக் காணொலியை இலவசமாக யூடியூபில் போட்டுவிடுங்க. யூடியூபில் விளம்பர வருமானம் வேண்டுமென்றால் 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை, அதையே இலக்காக வைத்துவிடாதீங்க. பயிற்றி தயாரிப்பதில் கெட்டிக்காரர் என்றால் வேறு வகைச் சந்தையும் உண்டு. நியூயார்க் ஆசிரியர் பால் எடெல்மேன் 2006இல் தொடங்கிய டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ் தளத்தில் ஆசிரியரே ஆசிரியருக்குப் பயிற்சித் தாள் விற்கிறார். சாதாரணக் கணக்குக்கு 55 சதவீதம், ஆண்டுக் கட்டணம் கட்டினால் 80 சதவீதம். நம்ம அளவுக்கு, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குள்ளேயே அப்படி ஒரு பரிமாற்றம் வந்தால் யூடெமியைவிடப் பயன் அதிகம் என்பேன். ஒரு பள்ளியில் தயாரித்த கருத்துணர்தல் பகுதியை இன்னொரு பள்ளி பயன்படுத்தினால் இரண்டு பேருக்கும் ஓர் இரவு மிச்சம்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. எந்த வகுப்பு வாங்கும் முன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்க. நான் எழுதும் கட்டுரையை யார் திருத்துவார்? எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும்? பதில் இல்லையென்றால், அந்தப் பாடம் இலவசமாகவே எங்கோ இருக்கும், தேடிப் பாருங்க. வாங்கியே விட்டீர்களா? யூடெமியில் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முதல் வாரமே முதல் இரண்டு பாடத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டுரை எழுதி உங்க தமிழாசிரியரிடம் காட்டுங்க. பழைய தவறே திரும்ப வந்திருந்தால், அந்த 30 நாள் முடிவதற்குள் முடிவெடுங்க.