எல்லை நாட்டுக் கோட்டையும் தச்சன் இல்லமும்

வீரமாமுனிவரை அறிய விரும்புவோர்க்குப் புதுவை இரண்டு நூல்களைத் தந்துள்ளது. ஒன்று, இவ்வூரில் பிறந்த முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதிய வாழ்க்கை வரலாறு. மற்றொன்று, புதுவை மிஷன் அச்சுக்கூடம் 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகளாக அச்சேற்றிய தேம்பாவணி. முன்னதில் முனிவர் பல்லக்கில் வருகிறார். புலித்தோல் இருக்கையும் மயிற்பீலி விசிறியும் உடன் வருகின்றன. சந்தா சாகிபின் திவானாகி ஊர்களின் வருவாயையும் பெறுகிறார். நம்மில் பலர் இந்தப் பல்லக்கை நினைவில் வைத்துக்கொண்டோம். காப்பியத்தைப் பிரிக்க மறந்தோம்.

முத்துசாமிப் பிள்ளையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எல்லிஸ் துரையின் ஏவலால் 1816இல் ஊர் ஊராய்ச் சென்று முனிவரின் சுவடிகளைத் தேடித் தொகுத்தவர் அவர். ஆயினும் அவர் செவியேற்ற திவான் கதையை ஆய்வாளர் பலர் ஐயுற்றுள்ளனர். மேலும், சந்தா சாகிபு திருச்சியைக் கைப்பற்றியது 1736இல். தேம்பாவணி நிறைவுற்றதோ 1726இல். காப்பியத்தின் உள்ளத்தை அறிய அந்தத் தர்பார் நமக்கு உதவாது. முனிவர் 1680இல் பிறந்த ஊர் ஓரளவு உதவும்.

வட இத்தாலியில், மாந்துவா நாட்டுக்கும் வெனிசு ஆட்சிக்குட்பட்ட நிலத்துக்கும் இடையே அமைந்த சிற்றூர் காஸ்திலியோனே. அதை ஆண்டவர்கள் கொன்சாகா குடியினர். 1328இல் வாள் வலியால் மாந்துவாவைக் கைக்கொண்ட இக்குடி, 1433இல் பேரரசரிடமிருந்து மார்க்கிப் பட்டம் பெற்றது. பிரெஞ்சு ஆட்சியில் புதுவையார் காதில் விழுந்து பழகிய இப்பட்டம், தொடக்கத்தில் எல்லை நிலத்தைக் காக்கும் தலைவனைக் குறித்தது. இக்குடியின் ஒரு கிளையே காஸ்திலியோனேயை ஆண்டது. அக்கிளையின் மூத்த மகன் 1585இல் தன் உரிமை முழுவதையும் தம்பிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இயேசு சபை புகுந்தார். நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஞானப்பிரகாசம் என்று பெயரிடுகிறோமே, அந்தப் புனித ஞானப்பிரகாசியார்தாம் அவர். உரிமை பெற்ற தம்பி 1593இல் கொலையுண்டார். தேம்பாவணி முடிந்த அதே 1726ஆம் ஆண்டின் இறுதி நாளில் ஞானப்பிரகாசியார் புனிதராக உயர்த்தப்பட்டார்.

இச்செய்திகளுடன் காப்பியத்துக்கு வருவோம். கம்பனோடு ஒப்பிட்டுப் பாராட்டுவதிலேயே நம் திறனாய்வாளர் பெரும்பொழுதைச் செலவிட்டுவிட்டனர். நாட்டுப் படலத்திலும் நகரப் படலத்திலும் முனிவர் நல்ல மாணவர். சொல்வளம் உண்டு, ஆனால் யூதேயா நாடு சோழநாடாகவே தோன்றுகிறது. வளன் சனித்த படலத்தில்தான் காப்பியம் தன் குரலைப் பெறுகிறது. கோலியாத்தை வென்ற தாவீதின் வீரம் அங்கே விரிகிறது. அந்த அரச மரபில் வந்து பிறக்கும் வளனுக்கோ, நம் சூசையப்பருக்கோ, நிலமும் இல்லை, படையும் இல்லை.

காஸ்திலியோனேயில் வளர்ந்த ஒருவர், அரசுரிமையைத் துறந்து மடம் புகுந்த தம்மூர்ப் புனிதரின் கதையையே மீண்டும் பாடுவார் என்று நாம் எதிர்பார்க்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. துறவை நாடிக் காட்டுக்குச் செல்லும் இளம் வளனை வானவர் ஒருவர் தடுத்து நாட்டுக்கே திருப்புகிறார். பின்னர் 'ஈரறம் பொருத்து படலம்' இல்லறத்தையும் துறவறத்தையும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்க்கிறது. தச்சுத் தொழில் செய்து உண்ணும் வீடு அது. தாமே துறவியாக இருந்தும் முனிவர் தம் காப்பியத் தலைவனைத் துறவியாக்காமல் விட்டது, உவமை நயங்களைக் காட்டிலும் பெரிய கவித்துணிவு என்பது நம் கருத்து. பொதுநிலையினரான நமக்கென்றே எழுதப்பட்டது போன்ற இப்படலத்தைப் பாராட்டுக் கட்டுரைகள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. கடினமான தமிழ் என்று அஞ்சுவோர் 3,615 பாடல்களையும் முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. நாட்டையும் நகரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்றாம் படலத்தில் தொடங்கி, ஈரறம் பொருத்து படலம்வரை ஓர் உரையின் துணையோடு படித்தாலே போதும்.