‘கைக்கடிகாரம் – 1’: ஒரு பட்டியலை வாசித்தல்

போன வருடம் ஒரு பெருநகர விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனை நடக்கும் இடத்தில், அப்பாவின் வாட்ச்சை மறந்து வைத்துவிட்டு வந்தேன். எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. தப்பு முழுக்க என்னுடையது. லேப்டாப், போன், பர்ஸ், பெல்ட் எல்லாம் ஒரு ட்ரேயில். வாட்ச் மட்டும் இன்னொரு ட்ரேயின் மூலையில். பின்னால் நின்றவர் அவசரப்படுத்த, பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன். புதுச்சேரி வந்து, வீட்டில் கை கழுவும்போதுதான் மணிக்கட்டு வெறுமையாக இருப்பது தெரிந்தது.

அது சாவி கொடுக்கிற பழைய எச்.எம்.டி. வாட்ச். விற்கப் போனால் பெரிதாக ஒன்றும் தேறாது. தினமும் காலையில் சாவி கொடுக்கணும். ஒரு நாள் மறந்தால் நின்றுவிடும். அப்பா போன பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. “அது உங்க அப்பா வாட்ச்சுன்னு அவங்களுக்கு எப்படிடா தெரியும்?” என்று மட்டும் கேட்டார். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் நாட்டின் பெரிய விமான நிலையங்களில் பயணிகளைச் சோதிப்பது சி.ஐ.எஸ்.எஃப். எனப்படும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை. 1999 டிசம்பரில் நடந்த காந்தஹார் கடத்தலுக்குப் பிறகு, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி இந்தப் பொறுப்பு அவர்களிடம் வந்தது. ட்ரேயில் யாராவது எதையாவது விட்டுப்போனால் அதை எடுத்து, பதிந்து, நிலையத்தை நடத்தும் நிர்வாகத்திடம் ஒப்படைக்கிறார்கள். கண்டெடுத்த பொருட்களின் பட்டியலைத் தங்கள் இணையதளத்திலும் போடுகிறார்கள். இதை முதலில் மனதாரப் பாராட்டிவிட வேண்டும். யாருமில்லாமல் கிடக்கும் பொருள் விமான நிலையத்தில் முதலில் சந்தேகத்துக்குரிய பொருள். அதற்குப் பிறகுதான் மறதிப் பொருள். அதைச் சோதித்து, கூட்டத்துக்கு நடுவே ஒரு வரி எழுதி வைப்பது சின்ன வேலை இல்லை.

என் விமர்சனம் அந்தக் காவலர்கள் மேல் இல்லை, இந்த மாதிரிப் பட்டியல் என்கிற வடிவத்தின் மேல்தான். எந்த நிலையமானாலும் வரிகள் பெரும்பாலும் ஒரே அச்சுதான்: பொருளின் பெயர், எண்ணிக்கை, கிடைத்த நாள், இடம். கைக்கடிகாரம் – 1. பெல்ட் – 2. கண்ணாடி – 1. ஒரு பிரதியை வாசிப்பதுபோல் இதை வாசித்தால் ஒன்று உடனே பிடிபடும்: இதில் தொலைத்தவர் எங்கேயும் இல்லை. எடுத்தவர் எதைக் கண்டார் என்பது மட்டும்தான் இருக்கு.

எங்கள் ஊர்ப் பழைய பிரெஞ்சில் இந்த மாதிரி அலுவலகத்துக்கு ‘ஒப்ழே த்ரூவே’ என்று பெயர்; ‘கிடைத்த பொருட்கள்’ என்று அர்த்தம். பாரிஸில் மொரியோன் தெருவில் காவல் துறை நடத்தும் இந்த அலுவலகம் பெரிய புகழ் பெற்றது. இங்கிலாந்துக்காரர்கள் அதையே ‘லாஸ்ட் பிராப்பர்ட்டி’, தொலைந்த பொருள், என்பார்கள். ஒரே குடை, ஒருவருக்குக் கிடைத்தது, இன்னொருவருக்குத் தொலைந்தது. நாம் ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ என்று இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு, ஃபவுண்ட் என்ற பாதியை மட்டும் பட்டியலாக வெளியே வைக்கிறோம்.

என் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு டேபிள் வேணும். ஒன்று கிடைத்தவை, இன்னொன்று தொலைந்தவை. இரண்டையும் நாள், இடம், பொருள் வகை வைத்துப் பொருத்திப் பார்ப்பது ஒரு சாதாரண ஜாயின். முதல் வருட மாணவர் எழுதிவிடுவார். தொலைந்தவர்களின் டேபிள் இல்லாவிட்டால் அந்த ஜாயினை மனிதர்தான் செய்யணும்: தினமும் பக்கத்தைத் திறந்து, நூறு வரியில் தன் பொருளைத் தேடி, இது நம்முடையதாக இருக்குமோ என்று ஊகித்து, தொலைபேசி எண் தேடி.

இதற்கு ஒரு பழைய வேர் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1861-ஆம் வருட போலீஸ் சட்டத்தின் 25, 26 பிரிவுகளைப் பாருங்கள். உரிமையாளர் தெரியாத பொருளைப் போலீஸ் எடுத்து மாஜிஸ்ட்ரேட்டிடம் பட்டியல் கொடுக்கணும். பொருட்களைக் குறிப்பிட்டு அவர் ஓர் அறிவிப்பு வெளியிடலாம். உரிமை கொண்டாடுகிறவர் ஆறு மாதத்துக்குள் வந்து நிரூபிக்கணும். அந்தக் காலத்துக்கு அது சரி. தண்டோரா போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. இன்றைய இணையப் பட்டியலும் அதே தண்டோராதான், சர்வரில் ஏறியிருக்கு, அவ்வளவே. எல்லாருக்கும் சொல்லும்; உரியவருக்கு என்று தனியாகச் சொல்லாது. ஆனா 1861 சட்டத்தில் ஆறு மாதம் என்ற கெடுவாவது எழுத்தில் இருந்தது. எந்தத் தேதி வரை வைத்திருப்போம் என்பதை ஒவ்வொரு வரியிலும் போடுவது தொலைத்தவருக்குப் பெரிய உபகாரம்.

சட்டம் நம்மைக் கைவிட்டதா என்றால், இல்லை. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆவது பிரிவு, அடுத்தவர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறவருக்கு, ஒப்படைப்பாகப் பெற்றவருக்கு உள்ள அதே கடமை உண்டு என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 403-ஆவது பிரிவில் அழகான உதாரணங்கள் உண்டு. வழியில் ஒரு ரூபாயை யாருடையது என்று தெரியாமல் எடுத்தவர் குற்றம் செய்யவில்லை. பணப்பையை எடுத்து, பிறகு உரியவர் யார் என்று தெரிந்தும் தனக்கென்று வைத்துக்கொண்டவர் குற்றவாளி. உரியவர் யார் என்று அறிய நியாயமான முயற்சி எடுத்தாரா என்பதும் கணக்கில் வரும். 2024 ஜூலை முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆவது பிரிவு. அது நேர்மையற்றவரைத் தண்டிக்க வந்த சட்டம்; நேர்மையாக எடுத்து வைக்கும் அலுவலகத்துக்குப் பொருந்தாது. ஆனால் அதற்குள் இருக்கும் ‘நியாயமான முயற்சி’ என்ற அளவுகோல் எனக்குப் பிடிக்கும். பட்டியல் போடுவது ஒரு முயற்சி. போர்டிங் பாஸும் அடையாள அட்டையும் பார்த்த பிறகே ஆளை உள்ளே விடுகிற ஓர் இடத்தில் அது போதுமான முயற்சியா என்பதுதான் கேள்வி.

விமான நிலையத்தில் கிடைத்த பொருளைப் பற்றிப் புகழ்பெற்ற ஒரு வழக்கு உண்டு. 1978 நவம்பரில் லண்டன் ஹீத்ரோவின் ஓய்வறை ஒன்றில் பார்க்கர் என்ற பயணிக்குத் தரையில் கிடந்த தங்கக் கைச்சங்கிலி கிடைத்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியரிடம் கொடுத்து, உரியவர் வராவிட்டால் எனக்குத் தாருங்கள் என்று முகவரியும் எழுதிக்கொடுத்தார். யாரும் வரவில்லை. நிறுவனம் அதை 850 பவுண்டுக்கு விற்று, பணத்தைத் தானே வைத்துக்கொண்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்க்கர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு. எனக்கு அதில் வேறொன்று உறுத்தும். எடுத்தவருக்கும் இடத்துக்காரருக்கும் நடந்த அத்தனை வாதத்திலும் தொலைத்தவர் யார் என்பது கடைசி வரை தெரியவில்லை. நம் பட்டியலில் இருக்கும் அதே காலி இடம்.

இதை வேறு மாதிரிச் செய்ய முடியாதா? ஜப்பானில் தொலைத்தவரும் போலீஸில் பதியலாம், எடுத்தவரும் ஒப்படைக்கலாம்; இரண்டு பக்கமும் ஒரே அமைப்புக்குள் வருகிறது. 2007 டிசம்பரில் அமலுக்கு வந்த திருத்தச் சட்டப்படி வைத்திருக்கும் காலம் மூன்று மாதம். கிடைத்தவற்றை மாகாணப் போலீசார் இணையத்தில் தேடும்படி வைக்கிறார்கள். அமெரிக்காவில் வேறொரு நல்ல பழக்கம். சோதனைத் தட்டுகளில் பயணிகள் விட்டுப்போகும் சில்லறையைப் பாதுகாப்புத் துறையே செலவழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது; ஆனால் வருடா வருடம் நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்லணும். 2019 நிதியாண்டில் அது 9,26,000 டாலருக்கு மேல். பணத்தை அவர்களே வைத்துக்கொள்வது எனக்கு உவப்பில்லை. ஆனா கணக்கு வெளியே வருவது உவப்பு. எத்தனை பொருள் கிடைத்தது, எத்தனை உரியவரிடம் போய்ச் சேர்ந்தது என்ற இரண்டு எண்களை ஒவ்வொரு விமான நிலையமும் வருடம் ஒருமுறை வாசலில் ஒட்டினால், பட்டியல் வேலை செய்கிறதா இல்லையா என்று யாரும் வாதாடவே வேண்டாம்.

“விவரமாக எழுதினால் எவனாவது வந்து என்னுடையது என்பானே” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ‘கைக்கடிகாரம் – 1’ என்று மொட்டையாக எழுதுவதற்கு ஒரு பாதுகாப்புக் காரணம் உண்டு. ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே தீர்வு சொல்லிவிட்டார்கள். மனுஸ்மிருதியோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. ஆனாலும் அதன் எட்டாம் அத்தியாயம் தொலைந்த பொருளை அரசன் மூன்று வருடம் வைத்திருக்கணும் என்றும், என்னுடையது என்று வருகிறவர் அதன் வடிவம், எண்ணிக்கை முதலான அடையாளங்களைச் சொல்லிப் பெறணும் என்றும் சொல்கிறது. தற்செயலோ என்னவோ, 1819-இல் புதுச்சேரியில் அமலுக்கு வந்த பிரெஞ்சு சிவில் சட்டமும் பொருளைத் தொலைத்தவருக்குத் தந்த கெடு மூன்று வருடம்தான். அதற்குள் அது யார் கையில் இருந்தாலும் திரும்பக் கேட்கலாம்.

மூன்று வருடம் வைத்திருங்கள் என்று நான் கேட்கவில்லை. அடையாளம் சொல்லிப் பெறுவது என்ற முறையை மட்டும் கவனியுங்கள். நாங்கள் பாஸ்வேர்டுக்குச் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்: கேள்வி வெளியே, விடை உள்ளே. வெளிப் பட்டியலில் ‘கைக்கடிகாரம், தோல் பட்டை, காலை 6 முதல் 7 மணிக்குள், மூன்றாவது வரிசை’ என்று போடலாம். பின்மூடியில் என்ன இருக்கு என்பதை உள்ளே பூட்டி வைக்கலாம். தேடுகிறவருக்குப் போதுமான விவரம் கிடைக்கும், திருடுகிறவருக்குக் கிடைக்காது.

இன்னொன்று, முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும் டிஜியாத்ரா 2022 டிசம்பரிலேயே வந்துவிட்டது. அதை வைத்து ட்ரேயின் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கலாமே என்பார்கள். வேண்டாம். ஒரு பெல்ட்டைத் திருப்பித் தருவதற்காக ஊரார் முகத்தையெல்லாம் சேமிக்கும் வழியை நான் கேட்கவில்லை. தொலைத்தவர் தானாக முன்வந்து நிரப்பும் ஒரு படிவமும், அதற்கு ஒரு பதிவு எண்ணும் போதும். அந்தப் படிவம் தமிழிலும் இருந்தால் இன்னும் நல்லது.

இது ஏதோ வாட்ச் தொலைத்தவனின் புலம்பல் இல்லை என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. லாஸ்பேட்டையில் சின்ன விமான நிலையம் இருக்கு. 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் இண்டிகோ பறக்க ஆரம்பித்தது. இருந்தாலும் வெளிநாட்டுப் பயணம் என்றால் எங்களுக்குச் சென்னைதான், சுமார் 150 கிலோமீட்டர். பிரான்ஸில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் ஒரு பாட்டி மூக்குக்கண்ணாடியைத் ட்ரேயில் விட்டுவிட்டார் என்று வையுங்கள். பாரிஸ் போன பிறகு நினைவு வரும். அவருக்கு ஆங்கிலப் பட்டியல் தெரியாது, மின்னஞ்சல் கிடையாது, நேரில் வரவும் முடியாது. விமான நிறுவனம் பெட்டியைத் தொலைத்தால் மாண்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கு. 21 நாளில் வராவிட்டால் நஷ்ட ஈடு கேட்கலாம். ட்ரேயில் விட்டதற்கு அப்படி எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது, மறந்தது அவர்தானே. ஆனால் மறதிக்குத் தண்டனையாக அந்தக் கண்ணாடியையே இழக்கணுமா? அவர் செலவிலேயே கூரியரில் அனுப்பி வைக்கும் வசதி எல்லா நிலையத்திலும் விதியாக இருந்தால்கூடப் போதும்.

என் வாட்ச் ஒன்பதாவது நாள் கிடைத்தது. அதைச் சொல்லாமல் முடிப்பது நேர்மை இல்லை. எனக்குப் பட்டியல் படிக்கத் தெரிந்தது, ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தது, அந்த ஊரில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன் ஒருத்தன் இருந்தான். அதிகாரக் கடிதம், போர்டிங் பாஸ், அடையாள அட்டை நகலோடு அரைநாள் விடுப்புப் போட்டுப் போனான். மேசையில் இருந்தவர் பொறுமையானவர். “என்ன அடையாளம்?” என்று கேட்டாராம். பின்மூடியில் அப்பா ஊக்கால் கீறிய இரண்டு எழுத்து இருக்கும் என்று இவன் சொல்ல, திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் அந்த ஒரு கேள்விதான். ஆனால் அந்த மேசை வரைக்கும் போய்ச் சேர எனக்கு இத்தனை பேர், இத்தனை வசதி தேவைப்பட்டது. அவை இல்லாதவர்களின் பொருட்கள்தான் பட்டியலில் வரிகளாகவே நின்றுவிடுகின்றன. வாட்ச் வந்தபோது ஏதோ ஒரு மணியில் நின்றுபோயிருந்தது. அம்மாதான் சாவி கொடுத்தார்.